யானை தாண்டிப் போன வீடு

1

போன செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். காருக்குப் பின்னால் ஒரு கடல் சிங்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நான் குடியிருக்கும் டனீடன், நியூசிலாந்தின் தென்கோடியில் கடலை ஒட்டிய ஊர். இங்கே கடல் சிங்கங்கள் கரையேறி வருவது உண்டு. பூங்காவில் படுக்கும், நடுத்தெருவில் படுக்கும், யார் வீட்டு வாசல் வாகாக இருக்கிறதோ அங்கே படுக்கும். எழுப்பக் கூடாது, கிட்டே போகவும் கூடாது. அதுவாக எழுந்து போகும்வரை மனிதர்கள்தான் காத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மேலாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “ஓ, அப்படியா, எழுந்ததும் வா” என்றார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில், தொண்டாமுத்தூர்ப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் இதே சட்டம்தான். “யானை வந்துருச்சுங்க டீச்சர்” என்றால் மறுபேச்சு கிடையாது, உள்ளே போய் உட்காரலாம். எங்கள் வகுப்பில் சில பேர் இல்லாத யானையை வைத்தே வருஷத்தை ஓட்டினார்கள்.

இந்த நினைப்பெல்லாம் பிறகு வந்தது. முதலில் கதவைத் திறந்து அதைப் பார்த்த நொடியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. குளிர்காலக் காலை. காரின் அகலத்துக்குப் பழுப்பு உடம்பு. கழுத்தில் பிடரி மயிர், அதன் மேல் பனித்துளி. மூச்சு விடும்போதெல்லாம் ஆவி எழுந்தது, மீன் வாடை அடித்தது. கடலிலிருந்து தெருவைக் கடந்து, இத்தனை வீடுகளைத் தாண்டி, என் வாசலில் வந்து படுத்திருக்கிறது. என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது: “ஸ்தோத்திரம்.”

பக்கத்தில் நின்ற மகள் நவோமி என்னை அண்ணாந்து பார்த்தாள். பதினொரு வயது. தமிழ் புரியும், பேசும்போது பாதித் தமிழ்.

“அப்படின்னா என்னம்மா?”

“நன்றி, துதி, அந்த மாதிரி. தாத்தாவோட சபையில சொல்லுவாங்க.”

“நீதான் காட் இருக்கார்னு நம்பலைன்னு சொன்னியே. அப்ப யாருக்கு தேங்க்ஸ் சொன்னே?”

பல் தேய்த்தாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

2

யாருக்கு என்று கேட்கிற வழக்கமே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். அங்கே எல்லா நன்றியும் ஒரே முகவரிக்குத்தான் போகும்.

அப்பா வாரத்தில் ஆறு நாள் கோவையில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டால் பாஸ்டர் ஐயா. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பம். பெயரைச் சொல்லிக்கூட யாரும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அப்பாவை முதன்முதலில் ‘ஐயா’ என்று அழைத்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்தச் சபைதான். அதனால் கர்த்தர் அவருக்குப் பிரசங்க விஷயம் மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்கிற முதுகும் அவர்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் நகை இல்லை. காது குத்து இல்லை. கொங்குநாட்டில் காது குத்தாத பெண்பிள்ளை என்றால் பாருங்கள், பந்தியில் இலை போடாமல் விட்ட மாதிரி எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். “உங்க மாமன் இன்னும் வரலீங்களா அம்மணி?” என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட அக்கறையாய் விசாரிப்பார்கள். சினிமா இல்லை, பூ இல்லை. ஆனால் ஒன்று இருந்தது. சாட்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆராதனையின் நடுவில் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். “கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்” என்று தொடங்குவது முறை. தொலைந்த ஆடு கிடைத்தது, பல்வலி நின்றது, கடைசி பஸ் காத்திருந்தது. முடிந்ததும் சபையே “ஸ்தோத்திரம்” என்று முழங்கும். பாஸ்டர் மகள் என்பதால் எனக்கு விலக்கு கிடையாது. வாரம் ஒரு சாட்சி கட்டாயம், போன வாரம் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் கூடாது.

வெள்ளிக்கிழமைவரை ஒன்றும் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதனால் திங்கட்கிழமையே தேட ஆரம்பித்துவிடுவேன். வறண்டு கிடந்த நொய்யலில் முதல் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்தது, மொட்டைத் தென்னைப் பொந்தில் கிளி குஞ்சு பொரித்தது, மேற்கு மலை மேல் வெயிலும் மழையும் ஒன்றாய் நின்றது, எல்லாம் என் சாட்சிகள். ஒரு தடவை பனி கோத்த சிலந்தி வலையைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கண்ணை மூடி, முழு மனசோடு “ஸ்தோத்திரம்” என்றார். உலகத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தச் சபை. இன்றைக்கு நான் எதை விட்டு வந்திருந்தாலும் இதை மறுக்க மாட்டேன்.

3

இனி அந்த யானை.

எங்கள் வீட்டில் விடியற்கால ஜெபம் தவறாது. அப்பா, அம்மா, தம்பி, நான், நாலு பேரும் பாயில் முழங்கால் போட்டு ஆளுக்கொரு குரலில் ஜெபிப்போம். அன்று நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, திடீரென்று நிறுத்திவிட்டது. கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. அப்பாவின் குரல் தணிந்து, உதடு மட்டும் அசைந்தது. அம்மா தம்பியின் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். எல்லார் கண்ணும் இறுக மூடியிருந்தது, என்னுடையதைத் தவிர.

சன்னல் முழுக்க யானை. முழு யானை இல்லை, சன்னலுக்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. சுருக்கம் விழுந்த விலாப்புறம் மண் அப்பியபடி மெதுவாக நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. முடியும் முடியும் என்று பார்த்தால் முடியவில்லை. பச்சை இலை கசங்கிய வாசம் வந்தது. காலடிச் சத்தம் இல்லவே இல்லை, அதுதான் என்னைப் புல்லரிக்க வைத்தது. பயம் வரவில்லை. இது என்னைப் பார்க்காதா, ஒரு தடவை திரும்பாதா என்றுதான் இருந்தது.

அது வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. காட்டுக்குத் திரும்புகிற வழியில் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியது. அது சரசக்காவின் தோட்டம். புருஷன் இல்லாத பெண், எங்கள் சபையில் முதல் வரிசைப் பாய் அவருடையது. குத்தகைக்குப் பிடித்து நேந்திரம் போட்டு, தார் தள்ளி நின்ற நேரம். வெயில் ஏறிப் பார்த்தால் நின்ற வாழை என்று ஒன்றுகூட இல்லை.

அந்த ஞாயிறு அப்பா சாட்சி சொன்னார். “நாங்க முழங்கால்ல நின்னோம். யானை எங்க ஊட்டைத் தாண்டிப் போயிருச்சு. ஒரு ஓடுகூட அசையலீங்க!” சபை முழங்கியது. நான் திரும்பிச் சரசக்காவைப் பார்த்தேன். அவரும் கையைத் தூக்கி “ஸ்தோத்திரம்” என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

அன்று மாலைக் குடும்ப ஜெபத்தில் கேட்டேன். “ஏனுங்கப்பா, நம்ம ஊட்டைத் தாண்டிப் போகச் சொன்னது கர்த்தருன்னா, சரசக்கா தோட்டத்துக்குப் போகச் சொன்னது ஆருங்க? அக்காவும் அன்னிக்கு ஜெபம் பண்ணியிருப்பாங்களல்லோ?”

அப்பா வேதப்புத்தகத்தை மூடினார். “கேள்வி போதும் கண்ணு. ஜெபம் பண்ணு” என்றார்.

பண்ணினேன். ஆனால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது. பிற்பாடு கல்லூரியில் உயிரியல் படித்ததாலோ வெளிநாடு வந்ததாலோ நான் விசுவாசத்தை விட்டேன் என்று எங்கள் சபையில் பேசிக்கொள்ளக்கூடும். அப்படியெல்லாம் இல்லை. சரசக்காவின் ஈரமான முகம்தான் காரணம். வாழையை இழந்த பெண்ணை அடுத்தவன் வீடு பிழைத்ததற்கு நன்றி சொல்ல வைக்கிற ஒரு ஏற்பாட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

அப்பாவோ ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் யானைச் சாட்சியைச் சொன்னார். யானை வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. நான் பார்த்தது தந்தமில்லாத பெண் யானை. அப்பாவின் சாட்சியில் அதற்குத் தந்தமே முளைத்துவிட்டது.

4

வெளிநாட்டுக்கு வந்தும் பழக்கம் விடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர், யாருக்காவது ஏதாவது பகிர்ந்துகொள்ள இருக்கிறதா என்று கேட்டார். இயந்திரம் பழுது, ஊசி தீர்ந்துவிட்டது, இந்த மாதிரி எதையாவது சொல்வதற்கான நேரம் அது. நான் எழுந்து நின்றேன். கைகளைக் கோத்துக்கொண்டு, சனிக்கிழமை மழையில் ஓடி வந்த எனக்காக ஒரு பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்ததையும், பஸ் திருப்பத்தில் கடல் முழுக்க வெள்ளியாய்க் கிடந்ததையும் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தேன். எல்லாரும் கையிலிருந்த தாளைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மூத்த பெண்மணி “நல்லது, கண்ணே” என்றார். காதுமடல் சூடாகி உட்கார்ந்தேன். வேடிக்கை என்னவென்றால், அடுத்த திங்கட்கிழமை அவரே, “இந்த வாரம் என்ன பார்த்தாய்?” என்று கேட்டார். இப்போதும் கேட்கிறார்கள்.

குடியுரிமை வாங்கும் சமயம் இன்னொரு சங்கடம். கடவுள் பெயரால் பிரமாணம் செய்யலாம், அல்லது கடவுளைச் சேர்க்காமல் உறுதிமொழி எடுக்கலாம். எது வேண்டும் என்று கவுன்டரில் இருந்த இளைஞன் கேட்டான். சாப்பாட்டுக் கடையில் சட்னியா சாம்பாரா என்கிற தொனி. என் பின்னால் வரிசை நின்றது. நான் உறுதிமொழி என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் சித்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று அப்பா போனில் கேட்டார். “வேதத்து மேல கை வெச்சா பிரமாணம் பண்ணுனே கண்ணு?”

“கை வெக்கலீங்கப்பா.”

“அங்க அந்த வழக்கம் இல்லையாட்ட இருக்குது” என்றார். பிறகு அவரே, “நல்லதுதான். சத்தியம் பண்ணப்படாதுன்னுதானே வேதத்துலயும் சொல்லியிருக்குது” என்று எனக்கு ஒரு சாக்கும் தேடித் தந்தார்.

இப்படித்தான் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாராவாரம் பேசி முடிக்கும்போது அப்பா கேட்பார், “சாட்சி ஏதாச்சும் இருக்குதா கண்ணு?” நான் பார்த்ததைச் சொல்வேன். கடல் முனையில் சிறகு விரித்த ஆல்பட்ராஸ் பறவை, பனி விழுந்த காலையில் தெருவின் அமைதி. கர்த்தரை நான் சேர்க்க மாட்டேன். அவர் சேர்த்துக்கொள்வார். “கர்த்தர் உனக்குக் காட்டியிருக்காரு பாத்தியா” என்பார். நானும் மறுத்துச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

நவோமி போன வருஷம் காது குத்த வேண்டும் என்றாள். கடைத்தெருவில் மாமன் மடி இல்லாமல், தேங்காய் பழம் இல்லாமல் ஒரு சிறுபெண் குத்திவிட்டாள். அப்பா வீடியோவில் பார்த்துவிட்டு, “மின்னுது சாமி” என்று மட்டும் சொன்னார். அவள் போனதும், “நம்ம ஊட்டுல ஆரும் குத்துனதில்லையே” என்றார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5

கடல் சிங்கம் வந்த அன்று மாலையே அப்பா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விழா. வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வீடியோவில் சாட்சி சொல்லப்போகிறார்கள்.

“பாஸ்டர் மக சொல்லலீன்னா நல்லாருக்காது அம்மணி. எனக்கும் வயசாயிப் போச்சு. அடுத்த வருசம் சபையைச் சின்னப் பாஸ்டர் கையில குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். ஒருக்கா நீ சொல்லிக் கேக்கோணும்.”

சரிங்கப்பா என்றுவிட்டேன். சொல்லி வைத்த பிறகுதான் உறைத்தது. போனில் அப்பாவிடம் பேசுவது வேறு. சபைக்கு முன்னால் “கர்த்தருடைய நாமத்துக்கு” என்று தொடங்கினால் அது பொய். தொடங்காவிட்டால், ஆயுள் முழுக்க அப்பா நின்ற இடத்தில், அவர் இறங்குகிற வருஷத்தில், அவர் மகளே அவரைக் கவிழ்த்தது ஆகும். நாலு நாள் தாளில் எழுதி எழுதி அடித்தேன். என் வீட்டுக்காரர், “நெட்வொர்க் சரியில்லைன்னு சொல்லிடு” என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் பொய்தானே.

6

இங்கே ஞாயிறு மாலை, அங்கே முற்பகல். நவோமி போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தாள். அம்மா கையில் இருந்த போன் ஆடி ஆடிச் சபையைக் காட்டியது. அதே கூரை, புது மின்விசிறிகள். பாய்களுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் வரிசையில் முடி முழுக்க நரைத்த சரசக்கா.

அப்பா எழுந்து யானையில் தொடங்கினார். எனக்கு வரிசை மனப்பாடம். முழங்கால், சன்னல், தாண்டிப் போனது, ஓடு அசையாதது. சபை “ஸ்தோத்திரம்” என்றது. வழக்கமாக அங்கே உட்கார்ந்துவிடுவார். அன்று உட்காரவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. இத்தன வருசமா இதோட நிறுத்திப்போடுவேன். அந்த யானை நேரா நம்ம சரசம்மா தோட்டத்துக்குத்தான் போச்சு. அவங்களும் நம்ம சபைதான். அவங்களுந்தான் ஜெபம் பண்ணுனாங்க. எம்பட மக அன்னிக்கே கேட்டா, அங்க அனுப்புனது ஆருன்னு. நான் அவ வாயை அடைச்சுப்போட்டேன். எனக்குப் பதில் தெரியலீங்க. இன்னிக்கும் தெரியலீங்க.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சின்னப் பாஸ்டர் மைக்கை வாங்கலாமா என்று எட்டிப் பார்த்தார். அந்த மனுஷர் தன் முதுகெலும்பையே உருவிச் சபைக்கு முன்னால் வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது சரசக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, நானும் ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. அன்னிக்கு நான் அதைப் பாத்தனுங்க. கூரை ஓரத்துல நின்னு, வெயில் வர்ற வரைக்கும் பாத்தேன். தாரை இழுத்து இழுத்துத் தின்னுச்சு. தகரத்தைத் தட்டி விரட்டோணும்னு கையில எடுத்தேன். தட்டவே தோணலீங்க. எத்தாப் பெருசு! சாமி, அந்தக் காதும் அந்த நடையும்! வாழை போனதுக்கு ஒரு வாரம் அழுதேன், அது வேற. ஞாயித்துக்கிழமை நான் ஸ்தோத்திரம்னு சொன்னது உங்க ஊட்டு ஓடு தப்புனதுக்கில்லீங்க. அந்த யானையைப் பாத்ததுக்கு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் என் வாழ்க்கையை அந்த ஈரமான முகத்தின் மேல் கட்டியிருந்தேன். ஏமாந்துபோன பெண் என்று நினைத்து இத்தனை காலம் அவருக்காக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரோ என்னைப் போலவே கண்ணைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறார். கேள்வி அப்படியேதான் இருக்கிறது, யானையை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பியது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இப்படியொரு பிரமிப்பும் நிற்க முடியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

“கிருபா, நீ சொல்லு கண்ணு” என்றார் அப்பா.

எழுந்து நின்றேன், இங்கே என் வீட்டுக் கூடத்தில். தொடக்க வாக்கியத்தைச் சொல்லவில்லை.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இப்ப ஜெபம் பண்றதில்லீங்க. ரொம்ப நாளாச்சு. அப்பாகிட்டச் சொல்ல பயமா இருந்துச்சு. ஆனா அன்னிக்கு நான் கண்ணை மூடலீங்க. சன்னல்ல நானும் அந்த யானையைப் பாத்தேன். அதுக்குத் தந்தம் இல்லீங்க. போன செவ்வாக்கிழமை எங்க ஊட்டு வாசல்ல ஒரு கடல் சிங்கம் வந்து படுத்திருந்துச்சு. பனி அது மேல முத்து முத்தா நின்னுச்சு. என் வாயில ஸ்தோத்திரம்னுதான் வந்துச்சுங்க. யாருக்குன்னு எம்பட மக கேட்டா. எனக்குந் தெரியலீங்கப்பா.”

அம்மா கையிலிருந்த போன் தாழ்ந்து தரையைக் காட்டியது, பிறகு மறுபடி எழும்பியது. அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கர்த்தர் உனக்குக் காட்டியிருக்காரு என்று இப்போது சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சேர்த்தால் சேர்க்கட்டும், அவருடைய உரிமை அது.

அவர் எதையும் சேர்க்கவில்லை. திரைக்குக் கிட்டே குனிந்து, என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையனைப் போலக் கேட்டார்:

“எத்தாப் பெருசு கண்ணு?”

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். விரல்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. நவோமி போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். போதவில்லை. சுவரில் முதுகு முட்டும்வரை நகர்ந்தாள்.